கலைச்சொல் தேவை: மஅர்ரி கைகழுவியதற்கு என்ன பெயர்?

வயலோரம் எழுதியது:

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

அரபுக் கவிதைத் தமிழாக்கம் ஒன்றின் முன்னுரை ஒரே ஒரு சொல்லுக்காக நின்றுகொண்டிருக்கிறது. உதவி வேண்டும்.

கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரி. வட சிரியாவில் மஅர்ரத்துன் நுஃமான் என்ற ஊரில் 973-ல் பிறந்தவர். நாலு வயது வாக்கில் அம்மை போட்டுப் பார்வை போய்விட்டது. முப்பத்தைந்து வயதையொட்டி பாக்தாத் போய் ஒன்றரை ஆண்டு இருந்தார். ஊர் திரும்புவதற்குள் தாயார் காலமாகிவிட்டார். அதன்பின் 1057 வாக்கில் இறக்கும்வரை அநேகமாக வீட்டைவிட்டு நகரவில்லை. பார்வையின்மை ஒன்று, வீடு ஒன்று என்று தன்னை 'இரு சிறைகளின் கைதி' என்று சொல்லிக்கொண்டார். ஆனால் ஆள் தனியாக இருந்ததாக நினைக்க வேண்டாம். மாணவர்கள் வந்து குவிந்தார்கள். 1047-ல் அந்த வழியாகப் போன பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ, ஊருக்கே இவர்தான் தலைவர் மாதிரி என்று எழுதி வைத்திருக்கிறார். கூடவே, முரட்டுத் துணி உடுத்தி, வாற்கோதுமை ரொட்டியை அளந்து தின்றுகொண்டு வாழ்கிறார் என்றும்.

சுமார் 45 ஆண்டுகள் இவர் இறைச்சியைத் தொடவில்லை என்பது வாழ்க்கை வரலாறுகள் தொகுத்த இப்னு கல்லிகான் தரும் செய்தி. ஆனால் இறைச்சியோடு இது நிற்கவில்லை. 'லுஸூமு மா லா யல்ஸம்' என்ற தொகுப்பில் ஒரு கவிதை. உரைநடையில் ஓரளவுக்கு இப்படி வரும்:

உன் அறிவும் மார்க்கமும் நோய்ப்பட்டுப் போயின. என்னிடம் வா, சரியான செய்தியைக் கேள். தண்ணீர் வெளியே தந்ததை அநியாயமாகத் தின்னாதே. அறுத்த பிராணியின் புதுக்கறியைத் தேடாதே. தாய்கள் தம் குட்டிகளுக்கென்று வைத்திருக்கும் வெள்ளையை விரும்பாதே. அது சீமாட்டிகளுக்காகச் சுரந்ததல்ல. ஏதுமறியாமல் இருக்கும் பறவைகளை, அவை இட்டதை எடுத்துக் கலங்கடிக்காதே. அநியாயம்தான் குற்றங்களில் எல்லாம் மோசமானது. மணக்கும் செடிகளின் பூக்களிலிருந்து தேனீக்கள் காலையிலேயே கிளம்பிப்போய்ச் சேர்த்ததை விட்டுவிடு. வேறு யாருக்கோ ஆகட்டும் என்று அவை சேமிக்கவில்லை. வாரி வழங்கவும் சேர்க்கவில்லை. இதையெல்லாம் நான் கைகழுவிவிட்டேன். தலை நரைக்கும் முன்பே இந்த வழி தெரிந்திருக்கக் கூடாதா!

மீன், கறி, பால், முட்டை, தேன். ஐந்தையும் வரிசையாகத் தள்ளிவிட்டார். இதற்குத் தமிழில் என்ன சொல்வது?

'மஅர்ரி சைவம்' என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார். தமிழில் அந்தச் சொல்லை நாம் ஓட்டல் பலகை வரைக்கும் இழுத்து வந்துவிட்டோம் என்றாலும், அதன் நெற்றியில் இன்னும் திருநீறு இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டு சிரிய முஸ்லிம் கவிஞருக்கு அதைப் பூச எனக்கு மனம் வரவில்லை. மேலும் நம்முடைய சைவத்தில் பாலுக்கும் தேனுக்கும் ராஜ மரியாதை. 'புலால் மறுத்தல்' கறியோடும் மீனோடும் முடிந்துவிடுகிறது. பாலையும் முட்டையையும்கூட விட்டுவிடுகிற 'நனிசைவம்' என்பது பொருளளவில் நெருங்கி வருகிறது. ஆனால் அங்கும் சைவம்தான், கொஞ்சம் கூடுதலாக.

கலைச்சொல் தாருங்கள்.

பச்சைத்தம்பி எழுதியது:

ஐயா, 'வீகன்' என்று எழுதிவிட்டுப் போங்களேன். சென்னையில் கடைக்குப் போய் வீகன் பால் என்று கேட்டால் கொடுக்கிறான். நனிசைவப் பால் என்று கேட்டால் முழிக்கிறான். இணையத்தில் மஅர்ரியை முதல் வீகன் என்றுதான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். என் கைப்பேசி முகப்பிலேயே அந்தக் கவிதை இருக்கிறது.

மருதமுனையாள் எழுதியது:

எங்கட பக்கம் 'மரக்கறி' என்பதுதான் புழக்கம். அவர் மரக்கறி, இந்தக் கடை மரக்கறிக் கடை. முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என்று எல்லாரும் சொல்கிற சொல், சமயச் சாயம் இல்லை. ஆனால் மரக்கறிக் கடையில் தயிரும் மோரும் உண்டு. ஆகவே இது உங்கள் கவிஞருக்குப் பாதி வழிக்குத்தான் துணை வரும்.

கடற்கரைக் காக்கா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், மற்றவர்களுக்கு வணக்கம்.

வயலோரம் தம்பி, சொல் தேடுவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் போடுகிற சொல் அவரை அவர் செய்யாத ஒன்றுக்குக் குற்றவாளி ஆக்கிவிடும்.

மார்க்கச் சட்டத்தில் ஒன்றை விலக்குவது வேறு, ஒன்றை விட்டு ஒதுங்கி இருப்பது வேறு. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் 87-ஆம் வசனம், அல்லாஹ் உங்களுக்கு ஆகுமாக்கிய நல்லவற்றை நீங்களாக விலக்கிக்கொள்ளாதீர்கள் என்கிறது. அதனால் 'பால் ஹராம்' என்று ஒருவர் சொன்னால் அது பெரிய வம்பு. 'எனக்குப் பால் வேண்டாம்' என்றால் யாருக்கும் வழக்கில்லை. மஅர்ரி மேல் வந்த பழி எல்லாம் இந்தக் கோட்டின் மேல்தான் வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாரா, அந்தப் பக்கம் போய்விட்டாரா? இப்னுல் ஜவ்ஸீ போன்ற மார்க்க அறிஞர்கள் அவரை மார்க்கத்தை விட்டவர் வரிசையில் வைத்தார்கள். பிராமணர்களின் கொள்கையைப் பிடித்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டும் இருந்தது. இது சும்மா வந்த வசவு இல்லை. அக்காலத்து அரபு வாதநூல்களில் 'பராஹிமா' என்று ஒரு கூட்டம் எப்போதும் வந்து நிற்கும்: நபிமார்கள் தேவையில்லை, பகுத்தறிவே போதும், பிராணியை அறுப்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்று வாதிடுகிறவர்களாக. நிஜ இந்தியாவிலிருந்து எவ்வளவு, வாதத்துக்காகச் செய்து நிறுத்திய பொம்மை எவ்வளவு என்பது தனிக்கதை. ஆனால் கறி வேண்டாம் என்றாலே இந்தப் பெயர் தயாராக இருந்தது.

ஆகவே உங்கள் சொல்லில் 'விலக்கு' வரக்கூடாது. எங்கள் தமிழில் விலக்கப்பட்டது என்றால் ஹராம். மறுப்பு என்பதும் கொஞ்சம் உரக்கவே பேசுகிறது. எங்கள் பயான்களில், அதாவது மார்க்க உரைகளில், ஒரு சொல் உண்டு: 'தவிர்ந்துகொள்ளுதல்'. புறம் பேசுவதைத் தவிர்ந்துகொள்ளுங்கள் என்போம். தவிர்த்தல் என்பதைவிட இதில் ஒரு தன்வினை இருக்கிறது, கவனித்தீர்களா? பொருளைத் தள்ளுவதில்லை, நான் ஒதுங்கிக்கொள்கிறேன். அதோடு 'பேணுதல்'. ஆகுமானதிலும் ஐயம் இருந்தால் விட்டுவிடுகிற எச்சரிக்கை. அரபியில் வரஉ. பேணுதலான மனிதர் என்றால் ஊரில் எல்லோருக்கும் புரியும்.

உணவுப் பேணுதல் என்று போட்டுப் பாருங்கள்.

வயலோரம் எழுதியது:

காக்கா, வ அலைக்குமுஸ்ஸலாம். 'தவிர்ந்துகொள்ளுதல்' எனக்குப் புதையல். அவருடைய நூற்பெயரே அதை ஒட்டித்தான் இருக்கிறது: 'லுஸூமு மா லா யல்ஸம்' என்றால் கட்டாயமில்லாததைக் கட்டாயமாக்கிக்கொள்வது. யாப்பில் ஒரு எழுத்து எதுகை போதும் என்ற இடத்தில் இரண்டு எழுத்து வைத்தே தீருவேன் என்று தனக்குத்தானே விலங்கு பூட்டிக்கொண்டு, அந்தப் பெரிய தொகுப்பு முழுவதையும் அப்படியே பாடி முடித்தார். சாப்பாட்டிலும் அதே குணம்.

ஆனால் 'பேணுதல்' எனக்கு ஒரு காரணத்தால் இடிக்கிறது. பேணுதலில் கவலை என்னைப் பற்றியது: என் வயிற்றுக்குள் தகாதது போய்விடுமோ, என் மறுமை கெடுமோ என்று. மஅர்ரியின் கவலை ஆட்டைப் பற்றியது.

இதைச் சும்மா சொல்லவில்லை. அவருடைய கடைசிக் காலத்தில் ஒரு கடிதப் போர் நடந்தது. எதிர்த்தரப்பு, எகிப்தை ஆண்ட ஷியா கலீஃபாக்களான ஃபாத்திமியரின் பெரும் பிரச்சாரகர் அல்முஅய்யத் ஃபித்தீன் அஷ்ஷீராஸி. கில்லாடி. மேலே நான் கொடுத்த கவிதையின் முதல் வரியையே பிடித்துக்கொண்டார்: 'அறிவும் மார்க்கமும் நோய்ப்பட்டவன் நான்தான். வந்துவிட்டேன். சரியான செய்தியைச் சொல்லுங்கள். ஏன் கறி உண்பதில்லை?' பணிவு மாதிரி இருக்கும், உள்ளே ஊசி. அப்புறம் வாதத்தை அடுக்குகிறார். செடிகொடி பிராணிக்காக, பிராணி மனிதனுக்காக. ஒன்றையொன்று தின்னும்படி படைத்தவனே படைத்திருக்க, படைத்தவனைவிட நீர் இரக்கசாலியா?

மஅர்ரி நேராக மோதவில்லை. வழுக்கி வழுக்கிப் பேசுகிறார். எனக்கு ஆண்டுக்கு இருபத்துச் சொச்சம் தீனார்தான் வருமானம், அதிலும் வேலைக்காரன் வேண்டியதை எடுத்துக்கொள்கிறான், மிச்சத்துக்கு மொச்சையும் பருப்பும்தான் கட்டுப்படியாகும் என்கிறார். ஊரே இவரை மதிக்கிறது என்று நாசிர் குஸ்ரோ எழுதி பத்தாண்டுதான் ஆகியிருக்கிறது. ஏழ்மையை ஒரு கேடயமாகத் தூக்கிப் பிடிக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. முஅய்யத் விடுவாரா? அலெப்போ ஆட்சியாளரிடம் சொல்லி நல்ல சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். வேண்டாம் என்று பதில் வருகிறது. கேடயத்தில் அங்கே ஓட்டை தெரிந்துவிட்டது. காசுதான் காரணம் என்றால் ஏன் வேண்டாம் என்கிறார்?

உண்மையான காரணம் அதே கடிதத்தில் இடையில் ஓரிடத்தில் வெளிவந்துவிடுகிறது. மார்க்கப் பற்றுள்ளவர்கள் எப்போதுமே கறியை விட்டுவிட விரும்பியிருக்கிறார்கள், பிராணிக்கு நோவு தராமல் கறி கிடைக்காது என்பதால், என்று தொடங்கி ஒரு செம்மறியைக் காட்டுகிறார். கூட்டத்தார் தங்கியிருக்கும் இடத்தில் ஒரு சினை ஆடு. ஈன்று, குட்டிக்கு ஒரு மாதம் ஆனதும் அதை அறுத்துத் தின்றுவிடுகிறார்கள், பாலுக்கு ஆசைப்பட்டு. தாய் இரவெல்லாம் கத்திக்கொண்டு கிடக்கிறது. முடிந்தால் குட்டியைத் தேடிப் போயிருக்கும்.

இதை எழுதியவர் ஆட்டைக் கண்ணால் பார்த்ததாக நினைவு வைத்திருக்க வழியில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்.

தேனுக்கு வருவோம். நாம் எந்தச் சொல்லை வைத்தாலும் தேனில் தோய்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. தேனில் கொலை இல்லை, ரத்தம் இல்லை, தீட்டு இல்லை. குர்ஆனே அதில் மனிதர்களுக்கு நிவாரணம் இருக்கிறது என்கிறது. நம் பக்கத்தில் பஞ்சாமிர்தத்தில் ஊற்றுகிறோம். அப்படிப்பட்ட தேனை ஒருவர் விடுகிறார் என்றால் காரணம் சுத்தமோ கொலையோ அல்ல. இன்னொருவர் சொத்து, அவ்வளவுதான். நாலடியாரில் தேனீ வருவது நினைவிருக்கும்: கொடுக்காமல் சேர்த்து வைப்பவர் இழப்பார், 'உய்த்தீட்டும் தேனீக் கரி', அதாவது தேனீயே சாட்சி. அங்கே தேனீ கஞ்சனுக்கு உவமை, இழந்தது அதன் தப்பு மாதிரி. மஅர்ரியிடம் வழக்கே திரும்பிவிடுகிறது. சேர்த்தவளிடம் தப்பில்லை, எடுத்தவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆக, சொல்லின் வேரில் 'தின்னுதல்' இருக்கக்கூடாது, 'எடுத்தல்' இருக்க வேண்டும். 'பறியாமை' என்று ஒன்று தோன்றியது. ஆனால் பூவும் காயும் பறிக்கிற மொழியில் அது தலைகீழாகப் போய், மொச்சை பறிக்காதே என்றாகிவிடும். 'கவராமை'க்கும் அதே கதி. காய் கவர்வதை வள்ளுவரே செய்து காட்டிவிட்டார். மிச்சம் ஒன்று: 'கொள்ளாமை'. கொல்லாமைக்கு ஒரு படி மேலே கொள்ளாமை. ஓரெழுத்தே வேறுபாடு. எதுகைப் பித்தரான அவருக்கே பிடித்திருக்கும்.

பச்சைத்தம்பி எழுதியது:

> கொல்லாமைக்கு ஒரு படி மேலே கொள்ளாமை

ஐயா, செம. ஆனால் நான் பதிவு போட்டால் முதல் பின்னூட்டமே 'தம்பி, எழுத்துப்பிழை' என்றுதான் வரும்.

செவிவாசகன் எழுதியது:

நான் காதால் படிக்கிறவன், கணினி வாசித்துச் சொல்லக் கேட்கிறேன். வயலோரத்தின் மடலை இரண்டு தடவை ஓடவிட்டும் 'கொல்லாமைக்கு மேலே கொல்லாமை' என்றுதான் விழுந்தது. எழுத்தெழுத்தாக நகர்த்திப் பார்த்த பிறகே விஷயம் தெரிந்தது. பேச்சிலும் பாதிப் பேர் ல, ள பிரிப்பதில்லை. மேடையில் ஒருவர் இதைச் சொன்னால் மண்டபத்தில் பாதிப் பேருக்கு வேறு சொல் போய்ச் சேரும். எல்லாவற்றையும் சொல்லி எழுதவைத்த, பிறர் படிக்கக் கேட்டே பெரும் புலவரான ஒருவருக்கு, காதில் விழாத சொல்லையா வைப்பது? என் வாக்கு இதற்கு இல்லை.

இன்னொன்று. கொள்ளாமை என்றால் இடம் கொள்ளாமை, மனம் கொள்ளாமை என்றும் பொருள் ஓடும்.

வயலோரம் எழுதியது:

சரி, கொள்ளாமையை எடுத்துவிடலாம். செவிவாசகன் சொன்னதற்கு எதிராக என்னிடம் ஒன்றுமில்லை.

கடற்கரைக் காக்கா எழுதியது:

எனக்கு வேறொரு கேள்வி. ஒற்றை ஆளுக்காக ஒரு கலைச்சொல்லா? அவர் செய்ததை இரண்டு வரியில் விளக்கிவிட்டுப் போகலாமே. நம் மரபில் பிராணிகளைப் பற்றிய பேச்சு ஏராளம், ஆனால் பெரும்பாலும் அது வேறு தடத்தில் ஓடுகிறது. அறுக்கும்போது அழகாகச் செய்யுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள் என்பது நபிமொழி. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட பெண், நாய்க்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் மன்னிப்பு, இவை எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். 1262-ல் இறந்த மார்க்கச் சட்ட அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம், பிராணிக்கு மனிதன் மேல் உள்ள ஹக்குகளை, அதாவது உரிமைகளை, வரிசைப்படுத்துகிறார்: கிழடாகி, நோயில் விழுந்து, இனி ஒரு பயனும் இல்லை என்றாலும் தீனி போட வேண்டும், தாங்காத சுமை ஏற்றக்கூடாது, அதன் குட்டியை அதன் கண்ணெதிரே அறுக்கக்கூடாது. எவ்வளவு நுட்பம்! ஆனால் அவர் அறுக்காதே என்று சொல்லவில்லை. ஹக்கைப் பேசுகிறார், தவிர்ப்பைப் பேசவில்லை.

வயலோரம் எழுதியது:

நல்ல கேள்வி காக்கா. ஒற்றை ஆளுக்குத்தான் என்றால் நானும் அடிக்குறிப்போடு விட்டுவிடுவேன்.

பக்கத்தில் நிற்பவர்கள் சிலர் உண்டு. அண்டலூசிய மருத்துவர் இப்னு துஃபைல் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய கதையில், மான் வளர்த்த பிள்ளை ஹய் இப்னு யக்ளான் ஆளில்லாத் தீவில் தனியாக வளர்ந்து தானே யோசித்து ஒரு உணவு ஒழுங்கு வகுக்கிறான். பழுத்த கனியின் சதையைத் தின்னலாம், விதையைக் கெடுக்கக்கூடாது. கனி கிடைக்காவிட்டால் அடுத்தது, அதுவும் இல்லாவிட்டால்தான் பிராணி. அப்போதும் ஏராளமாக இருக்கிற இனத்திலிருந்து மட்டும், ஓர் இனத்தையே அழிக்காத அளவுக்கு. எதுவும் முழுமையை அடைய விடாமல் நாம் இடையில் புகுந்து தடுக்கக்கூடாது என்பது அவன் கணக்கு. மஅர்ரி போல முற்றாக விடவில்லை, ஆனால் அதே திசையில் வெகுதூரம் நடந்திருக்கிறான்.

ஸூஃபி ஞானி ராபியா பஸரீயைப் பற்றிப் பாரசீகக் கவிஞர் அத்தார் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மலையில் மான்களும் ஆடுகளும் அவரைச் சூழ்ந்து நிற்கின்றன. ஹசன் பஸரீ வந்ததும் ஓடிவிடுகின்றன. இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ராபியா கேட்கிறார். கொழுப்பில் வதக்கிய வெங்காயம். அவற்றின் கொழுப்பைத் தின்றுவிட்டு வருகிறீர், ஓடாமல் என்ன செய்யும்? இது வரலாறா, அடியார் கதையா என்பது கிடக்கட்டும். கதை சொன்னவரும் கேட்டவரும் இந்தத் தவிர்ப்பை மதித்தார்கள் என்பது போதும்.

பஸ்ராவின் இக்வானுஸ் ஸஃபா என்ற தத்துவக் குழுவினரின் வழக்குக் கதையைச் சேர்க்க முதலில் கை நீண்டது. 10-ஆம் நூற்றாண்டு, அவர்களின் 22-ஆம் நிருபம். கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய மனிதர்கள் அங்குள்ள பிராணிகளைப் பிடித்து அடிமைப்படுத்த, அவை ஜின்களின் அரசனிடம் போய் முறையிடுகின்றன. கழுதை, கிளி, தேனீ எல்லாம் பேசுகின்றன, மனிதன் வாயடைத்துப் போகிறான். ஆனால் தீர்ப்பு கடைசியில் மனிதன் பக்கம் போய்விடுகிறது. யாரும் எதையும் தின்பதை நிறுத்தவில்லை. அது காக்கா சொன்ன ஹக்குத் தடத்தில் சேரட்டும்.

ஆக ஒரு சின்னக் குடும்பம் இருக்கிறது. பெயர் வைக்கலாம்.

மருதமுனையாள் எழுதியது:

இரண்டு நாளாக வகுப்பில் வேலை. இப்போதுதான் முழுதும் வாசித்தேன்.

வயலோரம் அண்ணன் 'இன்னொருவர் சொத்து' என்று எழுதிய இடத்தில் என் மனம் நின்றுவிட்டது. குறளில் கள்ளாமை அதிகாரம் 'பிறன்பொருளைக் கள்ளத்தால் கள்வேம் எனல்' என்கிறது. பிறன், உயர்திணை. மனிதர் பொருள். அதற்கு அஃறிணைச் சோடி நம்மிடம் ஏற்கெனவே இருக்கு: பிறிது. அதுவும் வள்ளுவரே பிராணிக்குப் பயன்படுத்திய சொல். 'தன்னூன் பெருக்கற்குத் தான்பிறி தூனுண்பான்' என்று புலால் மறுத்தலில். 'பிறிதின்நோய் தந்நோய்போல்' என்று இன்னாசெய்யாமையில்.

பிறன்பொருள் என்றால் மனிதனுடையது. பிறிதின்பொருள் என்றால் பிராணியுடையது. கறி, பால், முட்டை, தேன் நாலும் இதற்குள் அடங்கும். காக்கா சொன்ன தவிர்ப்பைச் சேருங்கள்:

பிறிதின்பொருள் தவிர்ப்பு.

வள்ளுவர் தேனையும் பாலையும் விடவில்லை என்பது எனக்குத் தெரியும். காதலியின் வாய்நீருக்குப் பாலும் தேனும் கலந்து உவமை சொன்னவர். நான் அவருடைய கொள்கையை இரவல் கேட்கவில்லை, சொல்லை மட்டும்தான்.

செவிவாசகன் எழுதியது:

காதில் தெளிவாக விழுகிறது. ஒரே தடவையில்.

கடற்கரைக் காக்கா எழுதியது:

மாஷா அல்லாஹ் தங்கச்சி. அநியாயம் என்ற அவருடைய காரணத்தையும் இது ஏந்துகிறது. உடைமை என்று ஒன்று இருந்தால்தானே பறிப்பது அநியாயமாகும். 'பூமியில் ஊர்வதும் சிறகால் பறப்பதும் உங்களைப் போன்ற சமுதாயங்களே' என்ற ஆறாம் அத்தியாய வசனத்துக்குப் பக்கத்தில் வைத்தாலும் முறுகவில்லை. சமுதாயம் என்றால் அதற்குச் சொத்தும் இருக்கும்தானே.

பச்சைத்தம்பி எழுதியது:

அக்கா, சொல் அழகு. ஆனால் செடியும் அஃறிணைதானே? 'புல்லும் மரனும் ஓரறிவினவே' என்று தொல்காப்பியம் அதற்கும் உயிர் கொடுத்துவிட்டது. மஅர்ரி தின்ற மொச்சையும் பிறிதின்பொருள்தான். இலக்கணப்படி அவர் பட்டினி கிடந்திருக்க வேண்டும்.

மருதமுனையாள் எழுதியது:

தம்பி, நல்லாக் கேட்டீங்கள். வள்ளுவர் பிறிதூன், பிறிதின்நோய் என்றபோது ஊனும் நோவும் உள்ளதைத்தான் சொன்னார், கத்தரிக்காயை நினைக்கவில்லை. சொல்லின் அகராதி எல்லை வேறு, புழக்க எல்லை வேறு. மரக்கறிக்குள் உப்பும் மிளகாய்த்தூளும் இருக்கிறதே, அவை மரமா?

வயலோரம் எழுதியது:

பச்சைத்தம்பியின் குரலில் முஅய்யத் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவரும் செடியிலிருந்துதான் தொடங்கினார். மஅர்ரியின் அளவுகோல் நோவும் உயிராசையும். இன்னொரு கவிதையில், கையில் சிக்கிய தெள்ளுப்பூச்சியை விட்டுவிடுவது ஏழைக்கு நீ கொடுக்கும் ஒரு திர்ஹத்தைவிடப் புண்ணியம் என்கிறார். காரணமும் சொல்கிறார்: அந்தக் கறுப்புப் பூச்சியும் சரி, முடிசூடிய கிந்தா குலத்து மன்னனும் சரி, இருவருமே ஆபத்துக்கு ஒதுங்குகிறார்கள், இருவருக்கும் உயிர் வெல்லம். ஏழைக்குக் கொடுப்பதை மட்டம்தட்டுகிறாரே என்று எனக்கு இந்தக் கவிதையோடு ஒரு சண்டை உண்டு, அது வேறு. மொச்சைக்கொடி ஒதுங்கி ஓடாது, அதனால் அவர் தட்டில் அதற்கு இடமிருந்தது. நம் விளக்கத்தில் விலங்கு, பறவை, மீன், பூச்சி என்று பட்டியல் போட்டுவிட்டால் போதும்.

எனக்கு முழுச் சம்மதம். முன்னுரை நகர்ந்துவிட்டது.

மட்டுறுத்துநர் எழுதியது:

கலைச்சொல் பட்டியலுக்கு இப்படிப் போகிறது. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

பிறிதின்பொருள் தவிர்ப்பு: விலங்கு, பறவை, மீன், பூச்சி ஆகியவற்றின் உடலையும் அவை சுரந்த, இட்ட, சேர்த்த பொருள்களையும், உண்ணத் தடை இல்லாதபோதும், அவை அவற்றுக்கே உரியவை என்பதால் ஒருவர் தாமாகத் தவிர்ந்துகொள்வது. எடுத்துக்காட்டு: அபுல் அலா அல்மஅர்ரியின் பிறிதின்பொருள் தவிர்ப்பு. நெருங்கிய சொற்கள்: புலால் மறுத்தல், மரக்கறி உணவு. வேறுபடுத்துக: பிராணிகளின் ஹக்கு.

இக்காலப் பழக்கத்துக்கு 'நனிசைவம்', 'வீகன்' இரண்டும் பட்டியலில் தொடரும்.

பச்சைத்தம்பி எழுதியது:

நான் வீகன் கட்சிதான். எதிர்ப்பு ஒன்று என்று பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தச் சொல்லே 1944-ல் பிறந்தது, அதைத் தூக்கி மஅர்ரி மேல் போடுவது அவசரம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கடைக்காரனிடம் பிறிதின்பொருள் தவிர்த்த பால் என்று கேட்க என்னால் முடியாது.

கடற்கரைக் காக்கா எழுதியது:

மட்டுறுத்துநர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். விளக்கத்தில் உள்ள 'தவிர்ந்துகொள்வது' என்பதை மெய்ப்புப் பார்க்கிறவர் 'தவிர்ப்பது' என்று சுருக்கிவிடுவார். விடவேண்டாம். வயலோரம் தம்பி, முன்னுரையில் அந்த ஐந்தாம் அத்தியாய வசனத்தையும் குறிப்பிடுங்கள், எங்கள் ஊரிலும் நாலு பேர் படிப்பார்கள்.

மட்டுறுத்துநர் எழுதியது:

அப்படியே இருக்கும். நூற்பெயரை எப்படித் தமிழாக்குவது என்று வயலோரம் தனி இழை தொடங்கியிருக்கிறார். 'லுஸூமு' பற்றிய பேச்சை அங்கே தொடருங்கள்.